‘சுது சீயா’வும் அஸ்டாக்கும் ஒருவரா? ஹென்றி ஜயசேன பற்றிய ஒரு கேள்விக்குப் பதில்

உயர்தர வகுப்பில் நாடகமும் அரங்கியலும் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வகுப்பில் ஆசிரியர், ஜெர்மன் நாடகாசிரியர் பிறெக்டின் நாடகத்தைச் சிங்களத்துக்குக் கொண்டுவந்த பெரிய நெறியாளர் என்று ஹென்றி ஜயசேனவை அறிமுகம் செய்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னபோது, ஒரு காலத்தில் கொழும்பில் உத்தியோகம் பார்த்த அப்பப்பா, “அது ரூபவாஹினித் தொலைக்காட்சியில் சுது சீயாவாக வந்த கிழவர் அல்லவா?” என்று கேட்டிருக்கிறார். இருவரும் ஒருவர்தானா, ஒருவர்தான் என்றால் அவ்வளவு பெரிய நெறியாளர் எதற்காகத் தொடர் நாடகத்தில் தாத்தா வேடம் போடப் போனார், எங்கள் பக்கத்தில் மேடையிலிருந்து தொலைக்காட்சி வரைக்கும் அப்படி வந்த ஒருவரைக் காட்ட முடியாதது ஏன் என்பவை தம்பியின் கேள்விகள். மூன்று கேள்வி போலத் தெரிந்தாலும், தொலைக்காட்சிக்குப் போனது ஒரு மேடைக் கலைஞனின் இறக்கமா என்கிற ஒரே சந்தேகம்தான் மூன்றுக்கும் அடியில் இருக்கிறது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

எழுதுகிறவன் யாரென்பதையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் நீண்ட காலம் நாடகம் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். இளவயதில் கொழும்பில் இருந்த சில ஆண்டுகளில், கையில் காசு இருந்த போதெல்லாம் சிங்கள நாடகங்களுக்குப் போயிருக்கிறேன். என்னுடைய சிங்களம் கேட்டு விளங்கிக்கொள்ளப் போதுமானது. ஒரு வசனத்தின் கவித்துவத்தை எடை போடப் போதாது. ஆகவே ஜயசேனவின் சிங்கள நடையைப் பற்றி நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அரங்கில் கண்ணால் கண்டதையும், தொழில் என்ற வகையில் எனக்குத் தெரிந்ததையும் வைத்தே பேசுகிறேன்.

இருவரும் ஒருவர்தான். ஹென்றி ஜயசேன 1931ஆம் ஆண்டு யூலை 6ஆம் திகதி கம்பஹாப் பக்கத்தில் பிறந்தவர். ஆங்கில உதவி ஆசிரியராக உத்தியோகத்தைத் தொடங்கி, பிறகு பொதுவேலைத் திணைக்களத்தில் எழுதுவினைஞராகச் சேர்ந்தவர். நாடகம் அவருக்கு மாலை நேரத்துத் தொழில். கந்தோர் விட்டதும் ஒத்திகைக்குப் போன தலைமுறை அது. சொந்தமாக எழுதினார், பிறமொழி நாடகங்களை மொழிபெயர்த்தும் தழுவியும் எழுதினார், நெறியாள்கை செய்தார், முக்கிய பாத்திரத்தில் தானே நடித்தார். திரைப்படத்திலும் நடித்தார், தொலைக்காட்சியிலும் நடித்தார். 2009 நவம்பர் 11ஆம் திகதி காலமானார். இவ்வளவும் ஐயத்துக்கு இடமில்லாத செய்திகள்.

அவர் எந்த இடத்திலிருந்து புறப்பட்டார் என்பதை விளங்கிக்கொள்ள 1956ஐத் தொட்டே ஆக வேண்டும். அந்த ஆண்டு நவம்பரில் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ நாடகத்தைக் கொழும்பு லயனல் வென்ற் அரங்கில் மேடையேற்றினார். நாடகம என்ற பழைய சிங்கள ஆட்ட வடிவத்தை எடுத்து அதைச் செம்மைப்படுத்தினார். அந்த நாடகம என்பது எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கக் கூத்து மரபிலிருந்து கரையோரமாகப் போய்ச் சிங்களத்தில் வேர் பிடித்த வடிவம் என்பதைச் சிங்கள ஆய்வாளர்களே ஏற்றுக்கொள்கிறார்கள். பெயரைப் பார்த்தாலே தெரியும், நாடகம் என்ற எங்கள் சொல்தான் அது. எந்தக் கிராமத்திலிருந்து எந்தக் கிராமத்துக்குப் போனது, மன்னார் வழியா வேறு வழியா என்பதில்தான் விவாதம் உண்டு. வகுப்பில் யாராவது அடித்துச் சொன்னால் அளவோடு நம்புங்கள். சரச்சந்திரவின் அந்த முயற்சி பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தனையும் தூண்டியது. 1960களில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ என்று எங்கள் கூத்து பல்கலைக்கழக மேடைக்கு வந்த கதையை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள்.

ஜயசேன அந்தப் பல்கலைக்கழகக் கூட்டத்தைச் சேர்ந்தவர் அல்லர். ‘மனமே’யைக் கண்டு வியந்த பலர் அதே அச்சில் அரசர் கதைகளையும் ஜாதகக் கதைகளையும் ஆட்டத்தோடு போடத் தொடங்கிய வேளையில், கொழும்பில் அறை எடுத்துத் தங்கிக் கந்தோருக்குப் போய்வந்த இளைஞர்கள் சிலர், தங்கள் வாழ்வு ஏன் மேடையில் வரக்கூடாது என்று கேட்கத் தொடங்கினார்கள். சுகதபால டி சில்வாவும் அவருடைய ‘அபே கட்டிய’ குழுவும் அந்த வகை. ஜயசேனவும் அந்தக் காற்றை மூச்சாக இழுத்தவரே. இதே காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து போன எழுதுவினைஞர்களும் கொழும்பில் அறையெடுத்து இருந்தார்கள், நாடகமும் போட்டார்கள். ஆனால் மனம் வார இறுதியில் யாழ்தேவி ஏறிவிடும். கொழும்பு எங்களுக்கு உத்தியோகத்து ஊர், அவர்களுக்கு நாடகத்து ஊர். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசிக் கேள்விக்குத் தேவைப்படும்.

1960களின் தொடக்கத்தில் வந்த ‘ஜனேலய’ அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. ‘ஜனேலய’ என்றால் ஜன்னல். இரண்டு மொழியும் போர்த்துக்கேயரிடம் கடன் வாங்கிய சொல். 1963இல் ‘குவேனி’. விஜயன் கதையை நாங்களும் சரித்திரப் புத்தகத்தில் படித்தவர்கள்தான். கப்பலில் வந்தவனுக்கு நாட்டைப் பிடித்துக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு துரத்தப்பட்ட இயக்கர் குலப் பெண் குவேனி. ஓர் இனத்தின் தோற்றக் கதையாகச் சொல்லப்படுவதை, கைவிடப்பட்ட பெண்ணின் பக்கம் நின்று பார்க்க அந்த நாளில் ஒரு சிங்கள நாடகாசிரியர் துணிந்தார் என்பதை நான் இன்றைக்கும் பெரிதாகவே எண்ணுகிறேன்.

1968இல் வந்த ‘அபட்ட புதே மகக் நெத்தே’ வேறு வகை. ‘மகனே, எங்களுக்கு ஒரு வழியில்லை’ என்பது தலைப்பின் பொருள். படித்தும் வேலையில்லாமல் நிற்கிற கிராமத்து இளைஞரின் முட்டுச்சந்தைச் சொன்ன நாடகம். மூன்று ஆண்டுகளில், 1971 ஏப்ரலில், அதே இளைஞர்கள் ஆயுதம் எடுத்தார்கள். அதனால் அந்தக் கிளர்ச்சியை முன்கூட்டிச் சொன்ன தீர்க்கதரிசன நாடகம் என்று பல கட்டுரைகளில் எழுதுகிறார்கள். இது எனக்கு முழுச் சம்மதமில்லை. நாடகம் 1968இல் இருந்த ஒரு வேதனையை உள்ளபடி காட்டியது. அந்த வேதனை எங்கே போய் முடிந்தது என்பது பின்னால் நடந்தது. பின்னால் நடந்ததை முன்னால் வைத்து நாடகத்தைப் படிப்பது விமர்சகர்களுக்குப் பிடித்த விளையாட்டு. எங்கள் 1970கள், 80கள் நாடகங்களுக்கும் இதே விளையாட்டை ஆடியிருக்கிறார்கள். பரீட்சையில் எழுதுவதாக இருந்தால் ‘இளைஞர் விரக்தியைக் காலத்தோடு பதிவு செய்தது’ என்று எழுதுங்கள். தவறாக இருக்காது.

இவையெல்லாம் இருந்தாலும், ஜயசேன என்றதும் சிங்கள மக்கள் நினைப்பது 1967இல் அவர் மேடையேற்றிய ‘ஹுனுவட்டயே கதாவ’வைத்தான். சுண்ணக்கட்டி வட்டத்தின் கதை. பேர்டோல்ட் பிறெக்ட் நாஜிகளுக்குத் தப்பி அமெரிக்காவில் இருந்தபோது 1944இல் எழுதிய நாடகம். அதற்கும் மூலம் ஒரு பழைய சீன நாடகம். ஜயசேன ஆங்கில வழியாகச் சிங்களத்துக்குக் கொண்டுவந்தார். செல்டன் பிரேமரட்ன இசையமைத்தார். குழந்தையைக் காப்பாற்றும் வேலைக்காரப் பெண் குருஷாவாக ஜயசேனவின் மனைவி மானெல் நடித்தார். நீதவான் அஸ்டாக்காக ஜயசேன தானே நடித்தார். நான் பார்த்தது முதல் மேடையேற்றத்துக்குப் பல வருடங்கள் கழித்து. அப்போதும் மண்டபம் நிறைந்திருந்தது. பின்வரிசையில் பாடல்களை முணுமுணுத்துக்கொண்டு ஆட்கள் இருந்தார்கள், கூத்துப் பார்க்கப் போனால் எங்கள் கிழவர்கள் செய்வார்களே, அப்படி.

ஒரு ஜெர்மானியனின் நாடகம் சிங்களக் கிராமத்தவனுக்கு எப்படிச் சொந்தமானது என்பதில்தான் ஜயசேனவின் கெட்டித்தனம் தெரிகிறது. இரண்டு பெண்கள், ஒரு பிள்ளை, நிலத்தில் ஒரு கோடு, இழுத்து எடுப்பவளுக்கே பிள்ளை என்ற வழக்கு உம்மக்க ஜாதகத்தில் இருக்கிறது. மகோசத பண்டிதர் தீர்ப்புச் சொல்கிறார்: பிள்ளைக்கு நோகும் என்று கையை விட்டவளே பெற்ற தாய். விவிலியத்தில் சாலமோன் அரசனின் தீர்ப்பும் ஏறக்குறைய இதே. மரியாதைராமன் வழக்குகளைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கும் இந்த வகைக் கதை புதிதல்ல. எல்லாக் கதையிலும் முடிவு ஒன்று: பெற்றவள் வெல்வாள். பெற்ற மனம் பித்து என்று நாங்கள் சொல்லி முடித்துவிடுவோம். பிறெக்ட் அதைத் தலைகீழாக்கினார். கலவரத்தில் நகையையும் பட்டையும் அள்ளிக்கொண்டு பிள்ளையை மறந்து ஓடியவள் பெற்றவள். பனிமலையும் உளுத்த பாலமும் தாண்டித் தூக்கிச் சுமந்து வளர்த்தவள் குருஷா. வட்டத்துக்குள் பிள்ளையை நிறுத்தி இழுக்கச் சொன்னால் இரண்டு முறையும் கையை விடுகிறவள் வளர்த்தவள், பிள்ளையும் அவளுக்கே. ஜாதகக் கதையை மடியில் இருந்து கேட்ட பார்வையாளர், தமக்குத் தெரிந்த கதைதானே என்று சாய்ந்து இருக்கும்போது, கடைசியில் கதை அவர்களை ஏமாற்றிவிட்டுச் சிந்திக்க வைக்கிறது. இந்த நாடகத்தைத் தேர்ந்தெடுத்ததே பாதி நெறியாள்கை என்பேன்.

மற்றப் பாதி வடிவத்தில் இருக்கிறது. பிறெக்டின் நாடகத்தில் கதைசொல்லி ஒருவர் மேடையில் இருந்து பாடிப் பாடிக் கதையை நகர்த்துவார். மேனாட்டு இயற்பண்பு நாடகத்துக்குப் பழகியவர்களுக்கு அது புதுமை. நாடகம பார்த்தவனுக்கு அவர் ‘பொத்தே குரா’, ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் நிற்கிற குரு. எங்களுக்கு அவர் கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியார். ஆகவே, பார்வையாளர் கதையில் மூழ்கிவிடாமல் தள்ளி நின்று சிந்திக்கச் செய்வது, அதாவது தூரப்படுத்தல் என்று நாங்கள் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிற கோட்பாடு, அந்த மண்டபத்தில் ஒரு கோட்பாடாக வரவில்லை, பழக்கமான ஒரு விருந்தாளியாகவே வந்தது. தம்பி, பிறெக்டைப் படிக்கும்போது இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். எங்களிடமும் இதற்கு இணை உண்டு: க. பாலேந்திராவின் அவைக்காற்று கலைக்கழகம் பிறெக்டின் இன்னொரு நாடகத்தை ‘யுகதர்மம்’ என்ற பெயரில் 1970களின் இறுதியில் தமிழில் போட்டது. இரண்டையும் ஒப்பிட்டு எழுதினால் நல்ல கட்டுரை வரும்.

இனி அஸ்டாக். ஊரில் எழுத்து வேலை பார்த்த ஒரு குடிகாரன். அரசு கவிழ்ந்த குழப்பத்தில் சிப்பாய்கள் விளையாட்டாக நீதவானின் அங்கியை அவனுக்குப் போட்டுவிடுகிறார்கள். பணக்காரனிடம் கைநீட்டிக் காசு வாங்குவான், தீர்ப்பை ஏழைக்குக் கொடுப்பான். கோழை, கள்ளன், புத்திசாலி, இரக்கமுள்ளவன் எல்லாம் ஒரே ஆள். இந்தப் பாத்திரத்தில் நடிகன் செய்கிற வழமையான பிழை, சனம் சிரிக்கிறது என்றதும் கோமாளியாகிவிடுவது. அப்படி ஆகிவிட்டால் கடைசித் தீர்ப்பில் அவனை ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஜயசேன சிரிப்பை அடக்கி வைத்து விட்டார் என்பதே என் நினைவில் நிற்கிறது. உடம்பு ஆடினாலும் கண் ஆடவில்லை. சுற்றி நடப்பதை எடை போட்டுக்கொண்டே இருந்த கண் அது. குரலையும் வீணாக உயர்த்தவில்லை. வசனத்தின் முடிவில் ஒரு சிறு நிறுத்தம் விட்டு, சனத்தைத் தன்னிடம் வரவைத்தார். இது என் நினைவு, பல பத்தாண்டுப் பழையது. நினைவு கொஞ்சம் கூட்டியும் சொல்லும் என்பதைக் கணக்கில் எடுங்கள்.

ஏன் இவ்வளவு தூரம் அஸ்டாக்கில் நின்றேன் என்றால், சுது சீயாவுக்குப் போகிற வழி அந்தக் கண்ணில்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் ஒன்றைத் திருத்த வேண்டும். ‘மேடைக்காரர் ஒருவர் வயது போன பிறகு தொலைக்காட்சிக்குப் போனார்’ என்ற படமே சரியில்லை. ஜயசேன கமராவுக்கு முன்னால் வந்தது தொலைக்காட்சி இந்த நாட்டுக்கு வருவதற்கு ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே. 1963இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கிய ‘கம்பெரலிய’ திரைப்படத்தில் பியல் என்ற இளைஞனாக நடித்தார். பெரிய வீட்டுப் பெண் நந்தாவுக்கு ஆங்கிலம் படிப்பிக்க வந்து, அவளை விரும்பி, குலமும் அந்தஸ்தும் போதாதென்று தள்ளப்பட்டு, பிறகு பணக்காரனாகத் திரும்பி வருகிறவன். 1965இல் புதுடில்லித் திரைப்பட விழாவில் தங்க மயில் விருது பெற்ற படம் அது. லெஸ்டரின் படங்களில் நடிப்பவர் பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆக, ‘குவேனி’ வந்த அதே 1963இலேயே, மேடையில் விரிந்து நடிக்கவும் கமராவின் முன் சுருங்கி நடிக்கவும் அவர் சேர்த்தே பழகினார். 1980களின் தொடக்கத்தில் அதே இயக்குநரின் ‘கலியுகய’வில், அதே பியலாக, அதே நந்தாவாக நடித்த புண்யா ஹீந்தெனியவோடு மறுபடி வந்தார். இளமையில் ஏற்ற பாத்திரத்தை ஐம்பதை எட்டிய வயதில் அதே நடிகர் முதுமையோடு ஏற்கிற வாய்ப்பு உலகத்திலேயே சிலருக்குத்தான் கிடைத்திருக்கிறது.

ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தாலும் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. அவர் பெயரை நிறுத்திய நாடகங்கள் எல்லாம் 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் உருவானவை. ரூபவாஹினி தொடங்கியது 1982 பெப்ரவரியில். தொலைக்காட்சி வந்து அவரை மேடையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது என்றால், நடுவில் இருக்கிற இந்த இடைவெளிக்கு என்ன பதில்? புதிதாக எழுதி நெறியாள்கை செய்யும் வேகம் அதற்கு முன்பே தணிந்துவிட்டது; பழைய நாடகங்கள் தொடர்ந்து மேடையேறின. வேகம் ஏன் தணிந்தது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள். என்னுடைய ஊகம் எளிது: எழுதி, மொழிபெயர்த்து, நெறியாண்டு, நடித்து, உத்தியோகமும் பார்த்த ஒரு மனிதன் பதினைந்து வருடம் அந்த வேகத்தில் ஓடியதே அதிகம். பாடசாலை நாடகம் ஒன்றைப் போட்டு முடித்த பின் நான் ஒரு மாதம் எழும்ப மாட்டேன்.

சிங்களத் தொலைக்காட்சி நாடகத்தின் முதல் தலைமுறையே மேடையிலிருந்து வந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ரூபவாஹினியின் நாடகப் பிரிவைக் கட்டியெழுப்பிய தம்ம ஜாகொட, லயனல் வென்றில் நடிகர்களைப் பயிற்றிய மேடைக்காரர். அந்த வீட்டுக்குள் ஜயசேன போனபோது அன்னியராகப் போகவில்லை. சோமவீர சேனாநாயக்க எழுதி, நாலன் மெண்டிஸ் இயக்கிய ‘தூ தருவோ’ தொடரில் சுது சீயா என்ற வீட்டுப் பெரியவராக வந்தார். ‘சுது’ என்றால் வெள்ளை, ‘சீயா’ என்றால் தாத்தா. நீளத் தொடர்கள் சிங்களத்தில் அப்போதுதான் பழக்கத்துக்கு வந்த காலம். கிழமைக்குக் கிழமை மக்கள் காத்திருந்து பார்த்தார்கள். தெருவில் கண்டவர்கள் அவரை அந்தப் பெயராலேயே கூப்பிட்டார்கள். உங்கள் அப்பப்பாவின் நினைவில் அந்தப் பெயர் முந்திக்கொண்டு வந்ததில் ஆச்சரியமில்லை. யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களுக்கு அந்த நினைவு அரிது. 1990இன் நடுப்பகுதியிலிருந்து பல ஆண்டுகளுக்கு எங்களுக்கு மின்சாரமே இல்லை; சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்டோம். அதற்கு முன்பும் கூரைக்கு மேலே உயர்த்திய அன்ரெனா தூர்தர்ஷன் பக்கமே திரும்பியிருந்தது.

சுது சீயாவில் நடிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இந்த இடத்தில் தொழில் பேச வேண்டும். மேடையில் நடிகனின் அளவைத் தீர்மானிப்பது கடைசி வரிசை. யாழ்ப்பாணத்து வீரசிங்கம் மண்டபத்தின் பின்சுவருக்கு முன் நிற்கிறவனுக்கும் உன் கோபம் போய்ச் சேர வேண்டும் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வேன். அதற்கு மூச்சும், தோளும், நடையும் வேலை செய்கின்றன. தொலைக்காட்சியில் கடைசி வரிசை என்று ஒன்றில்லை. கமரா முகத்துக்கு ஒரு முழத்தில் வந்து நிற்கும். மேடையில் நேர்மையாக இருந்த அதே புருவ அசைவு அங்கே பொய்யாகத் தெரியும். மேடையில் பெயர் பெற்ற பலர் தொலைக்காட்சியில் தோற்றதற்குக் காரணம் இதுதான், அவர்களால் குறைக்க முடியவில்லை. இன்னொரு கஷ்டமும் உண்டு. மேடையில் இரண்டரை மணி நேரத்தில் ஒரு வாழ்வு தொடங்கி முடிந்துவிடும், நடிகன் அந்த வளைவை உடம்பில் சுமந்துகொண்டே போவான். தொடரிலோ முதல் அங்கத்தின் காட்சியையும் பத்தாம் அங்கத்தின் காட்சியையும் ஒரே வீட்டில், ஒரே காலையில், ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துவிடுவார்கள். அந்தக் கிழவர் நேற்று என்ன நினைத்தார் என்பதை நடிகன் தானே கணக்கு வைத்திருக்க வேண்டும். ஜயசேன அதைச் செய்யக்கூடியவர், ஏனென்றால் அவருக்குள் ஒரு நெறியாளர் இருந்தார். முழுக் கதையையும் தெரிந்து வைத்துக்கொண்டு ஒரு துண்டை நடிப்பது நெறியாளருக்குப் பழகிய வேலை. அஸ்டாக்கில் எடை போட்டுக்கொண்டிருந்த அதே கண், சுது சீயாவில் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு அமைதியாக இருந்தது. கொழும்பில் உறவினர் வீட்டில் சில அங்கங்களைப் பார்த்தபோது எனக்கு உடனே அது பிடிபட்டது.

ஆனாலும் ஒரு இழப்பு இருக்கிறது, அதை மறைத்தால் தம்பிக்கு நேர்மையான பதில் சொன்னதாகாது. தொலைக்காட்சி ஜயசேனவின் நடிகனை எடுத்துக்கொண்டது. மேடையில் அவருக்கு இருந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுக்கவில்லை. ‘ஹுனுவட்டயே கதாவ’வில் எந்த நாடகம், எந்தச் சொல், யார் குருஷா, எங்கே பாட்டு, எங்கே மௌனம் என்பதெல்லாம் அவர் முடிவு. தொடரில் எழுத்து இன்னொருவருடையது, இயக்கம் இன்னொருவருடையது. வீட்டு முற்றத்தை வெட்டிக் கட்டிய மனிதன் அந்த வீட்டில் மரியாதையான விருந்தாளியாக இருந்தது போல. பொதுமக்கள் நினைவில் நடிகன் நெறியாளனை மூடிவிட்டான். இறக்கம் என்று அதைச் சொல்ல மாட்டேன், ஆனால் சமமான தொடர்ச்சி என்றும் சொல்ல மாட்டேன். அவர் பிற்காலத்தில் பெருங்குடற் புற்றுநோயோடு போராடியபடி எழுத்துக்குத் திரும்பினார். நோய் அனுபவத்தையும் தன் அரங்க வாழ்வையும் நூல்களாக எழுதினார். எழுத்தில் அவர் மறுபடி தன் முற்றத்துக்கு வந்தார் என்றே எனக்குப் படுகிறது.

எங்கள் பக்கத்தில் ஏன் இப்படி ஒருவர் இல்லை என்பது கடைசிக் கேள்வி. ஆள் இல்லாமல் இல்லை. காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் ‘அரிச்சந்திர மயான காண்டம்’ எத்தனை கோயில் வீதியில், எத்தனை இரவில் நடந்தது என்று ஊரே சொல்லும். நடிகமணி என்ற பட்டம் சும்மா வரவில்லை. அ. தாசீசியஸ், நா. சுந்தரலிங்கம், க. பாலேந்திரா போன்ற நெறியாளர்களும், நாடக அரங்கக் கல்லூரியைத் தொடங்கி எங்களைப் போன்றவர்களுக்கு வழி காட்டிய குழந்தை ம. சண்முகலிங்கமும் எந்த மொழியிலும் பெரியவர்களாகவே எண்ணப்படுவார்கள். சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறியாண்ட ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் பல்கலைக்கழகத்தில் தொடங்கி ஊர் ஊராகப் போனது. குறைந்தது ஆளல்ல. அவர்கள் போய் ஏறுவதற்கு ஒரு தொலைக்காட்சி எங்களுக்கு இருக்கவில்லை. அரச தொலைக்காட்சியில் தமிழுக்குக் கிடைத்த நேரம் சிறிது. அது கொழும்பில் இருந்தது. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு கொழும்புக்குப் போய் ஒத்திகை பார்ப்பது என்ற பேச்சே பலருக்கு இல்லாமற் போயிற்று. சிங்களக் கலைஞனுக்கு மேடையும், திரைப்படமும், தொலைக்காட்சியும் ஒரே நகரத்தில் பஸ் தூரத்தில் இருந்தன. எங்களுடைய மேடை யாழ்ப்பாணத்திலும், கமரா கொழும்பிலும், பார்வையாளரின் ஒரு பகுதி பின்னர் லண்டனிலும் ரொறன்ரோவிலுமாக ஆனது.

எங்களுக்குத் தொலைக்காட்சியின் இடத்தில் இருந்தது வானொலி. இலங்கை வானொலியில் ‘சானா’ சண்முகநாதன் வளர்த்த நாடக மரபு இல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கரவெட்டியில் பிறந்த கே. எஸ். பாலச்சந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். தனியாளாக மேடையில் நின்று பஸ் கொண்டக்டரைக் கண்முன் கொண்டுவந்த ‘அண்ணை றைற்’, சில்லையூர் செல்வராசன் எழுதிய ‘தணியாத தாகம்’ வானொலித் தொடர், ‘வாடைக்காற்று’ திரைப்படம், பிறகு தொலைக்காட்சி, கடைசியில் கனடா. நடித்தார், எழுதினார், இயக்கினார். 2014இல் ரொறன்ரோவில் காலமானார். ஜயசேனவுக்கு எங்கள் பக்கத்தில் கிட்டிய உறவு யாரென்று என்னைக் கேட்டால் அவரைத்தான் காட்டுவேன். ‘தணியாத தாகம்’ தொடரில் சோமுவாக அவர் பேசிய குரலை உங்கள் அப்பப்பா நிச்சயம் கேட்டிருப்பார். சுது சீயாவைப் பற்றிக் கேட்ட கையோடு அதையும் கேட்டுப் பாருங்கள்.

பரீட்சைக்கு இரண்டு சிறு குறிப்பு. ‘ஹுனுவட்டயே கதாவ’வை ‘தழுவல்’ என்று சில குறிப்புகளில் கண்டேன். கதையும் பாத்திரங்களும் பிறெக்டின் பெயர்களோடேயே வருவதால் ‘மொழிபெயர்ப்பு நாடகம்’ என்று எழுதுவதே பொருத்தம். மற்றது, அவரை ‘இயக்குநர்’ என்று எழுதினால் புள்ளி குறைக்க மாட்டார்கள், ஆனால் எங்கள் பாடத்தில் மேடைக்கு ‘நெறியாளர்’ என்றே எழுதுவது வழக்கம். ‘தூ தருவோ’வைப் பற்றி எழுதும்போது நாலன் மெண்டிஸை இயக்குநர் என்றும் ஜயசேனவை நடிகர் என்றும் பிரித்து எழுதுங்கள். வகுப்பில் பலர் அந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள்.